இஸ்தான்புல்லில் ஒரு சனிக்கிழமை மிச்சம்: தனியாகக் கடலுக்குப் போக எது நல்ல இடம்?

ஊர்சுற்றி_உமா

எல்லோருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக செப்டம்பர் நடுவில் இஸ்தான்புல் போகிறேன். வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை முடிந்துவிடும், ஞாயிறு காலை விமானம். நடுவில் சனிக்கிழமை முழுக்க என் கையில். மசூதி, அரண்மனை, பஜார் எல்லாம் போன முறையே பார்த்தாகிவிட்டது. இந்த முறை கடல்தான் வேண்டும். காலை நனைத்துவிட்டு வருவது இல்லை, முடிந்தால் இறங்கிக் குளிக்க வேண்டும். நீச்சல் தெரியும், ஆனால் நீச்சல்குளத்தில் பழகியது. அலையோடு மல்லுக்கட்டிப் பழக்கம் கிடையாது.

தேடியதில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: புயுக்அடா தீவு, கருங்கடல் ஓரம் ஷிலே, அதே கருங்கடல் ஓரம் கிலியோஸ். தங்குவது தக்சிம் பக்கம். முட்டை சாப்பிடுவேன், மீன், கறி கிடையாது.

பாதுகாப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. தனியாகப் போனவர் தண்ணீரில் இறங்கும்போது பையை எங்கே வைப்பது?

போஸ்பரஸ்_பாலா

வாங்க. நான் வேலைக்காக இங்கே காத்கோய் பக்கம் குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தீவுக்குப் போங்கள். ஆனால் புயுக்அடாவுக்கு வேண்டாம்.

மர்மரா கடலில் இருக்கும் இந்த இளவரசர் தீவுகள் மொத்தம் ஒன்பது. பொதுப் படகு நிற்பது நான்கில்: கினலி அடா, புர்காஸ் அடா, ஹெய்பெலி அடா, கடைசியில் புயுக்அடா. கபதாஷ் துறையிலிருந்து கிளம்பும் படகு காத்கோயில் ஆள் ஏற்றிக்கொண்டு இதே வரிசையில் நின்று நின்று போகும். கடைசித் தீவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றுலா வருபவர் தொண்ணூறு சதவீதம் கடைசி நிறுத்தம்தான் பெரியது, சிறந்தது என்று அங்கேயே இறங்குவார்கள். சனி, ஞாயிறு அந்தத் துறையில் இறங்கினால் தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. ஒரு நிறுத்தமோ இரண்டு நிறுத்தமோ முன்னால் இறங்கினால் அதே கடல், அதே பைன் மரம், பாதிக் கூட்டம்.

தக்சிமிலிருந்து கபதாஷுக்கு மலைச்சரிவில் இறங்கும் குட்டி ரயில் இருக்கிறது, சில நிமிடத்தில் கடலோரம் விட்டுவிடும். மெட்ரோவுக்கு வாங்கும் இஸ்தான்புல் கார்டே படகுக்கும் செல்லும். நகரசபைப் படகு நிறுவனத்தின் பெயர் ஷெஹிர் ஹத்லாரி. தனியார் படகும் உண்டு, சில சமயம் சீக்கிரம் போகும், ஆனால் திறந்த தளத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் சுகம் நகரசபைப் படகில்தான். முதல் காரியம், மேல் தளத்தில் வெளியே இடம் பிடியுங்கள். போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் தோப்காபி அரண்மனை, ஆயா சோபியா, நீல மசூதி மூன்றும் ஒரே வரிசையில் வரும். இடது பக்கம் கன்னிக் கோபுரமும், 1909இல் திறந்த ஹைதர்பாஷா ரயில் நிலையமும். நான் வலதுதான். தினமும் பார்ப்பவனுக்கே சலிக்கவில்லை.

என்னைக் கேட்டால் அந்தப் படகுப் பயணத்துக்காகவே தீவுக்குப் போகலாம். குளியல் கிடைத்தால் லாபம்.

பட்ஜெட்_பாண்டி

பாலா அண்ணா காத்கோய்க்காரர், அவருக்குத் தீவுதான் உசத்தி. நான் ஷிலேவுக்கு ஓட்டுப் போடுகிறேன். மணல் கடற்கரை வேண்டும் என்றால் தீவில் கிடைக்காது, அங்கே எல்லாம் கல். ஷிலேயில் நல்ல நீளமான மணல், மேலே பாறையில் 1859இல் கட்டிய வெள்ளையும் கறுப்பும் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், கீழே குட்டித் துறைமுகம். உஸ்குதாரிலிருந்து நகரப் பேருந்து போகிறது. ஷிலே துணி என்று சுருக்கம் விழுந்த பருத்தித் துணி விற்பார்கள். நெய்து, கடல் தண்ணீரில் அலசி, மணலில் காயப் போட்டு எடுப்பது பழைய வழக்கம். நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவு பொருத்தம், அம்மாவுக்கு இரண்டு சட்டை வாங்கி வந்தேன்.

உப்புக்காற்று

பாண்டி, ஷிலே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் "நீச்சல்குள நீச்சல்" என்று எழுதியிருக்கும் ஒருவரைத் தனியாகக் கருங்கடலில் இறங்கச் சொல்லாதீர்கள்.

ஷிலே, கிலியோஸ் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கோடையிலும் ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள். காற்று மோசமான நாளில் கடலில் இறங்க நிர்வாகமே தடை போடும். காரணம் ஆழம் இல்லை, இழுவை நீரோட்டம். கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல்திட்டு இருக்கும். வடக்கிலிருந்து காற்று அடித்து அலை மேல் அலையாகக் கொட்டும்போது திட்டுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும். தேங்கினது திரும்பிப் போக வழி வேண்டுமே? திட்டில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அந்த வழியாக வாய்க்கால் மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த வாய்க்காலில் அலை உடையாது. அதனால் கரையிலிருந்து பார்த்தால் மற்ற இடமெல்லாம் நுரையும் ஆர்ப்பாட்டமும், அங்கே மட்டும் சாதுவாக இருக்கும். புதிதாக வருபவர் அந்தச் சாதுவான இடமாகப் பார்த்து இறங்குவார்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரரையே அது களைக்க வைத்துவிடும். அந்த நீரோட்டம் ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டு போகும், அவ்வளவுதான். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதை விட்டு விலகி, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். சொல்வது சுலபம். பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

உயிர்காப்பாளர் இருக்கும் பகுதி, கொடி பார்த்து இறங்குவது, இடுப்பளவுக்கு மேல் போகாமல் இருப்பது: இந்த மூன்றும் இருந்தால் ஷிலே போகலாம். செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்துவிடும், சில இடங்களில் உயிர்காப்பாளரும் கிளம்பியிருப்பார். தீவுகள் மர்மரா பக்கம் இருக்கின்றன, இந்த மாதிரி அலை அங்கே வராது.

பட்ஜெட்_பாண்டி

சரி, இதை நான் யோசிக்கவில்லை. நாங்கள் போனது ஆறு பேர் கும்பலாக. ஷிலேயைக் குளிக்காமல் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் மட்டும் என் ஓட்டு செல்லும். சனிக்கிழமை நெரிசலில் பேருந்தில் உட்கார வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனடா_கந்தையா

பிள்ளை, மர்மராவில் குளிக்கிறது பற்றி நானும் ஒரு சொல் சொல்லட்டோ? 2021இல் அந்தக் கடல் முழுக்கச் சளி மாதிரி ஒன்று படர்ந்து கிடந்த படங்களைப் பார்த்தனான். இப்ப எப்படி?

உப்புக்காற்று

ஐயா, நல்ல கேள்வி. அது கடற்சளி. நுண்ணிய பாசி வகைகள் அளவுக்கு மீறிப் பெருகும்போது சுரக்கும் பசை. 2021 வசந்தத்தில் தொடங்கி ஜூன் வரை இஸ்தான்புல் கரையெல்லாம் பழுப்பு நுரையாக ஒதுங்கியது. நகரங்களின் கழிவுநீரிலிருந்து சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஒரு பக்கம், சூடாகும் கடல் ஒரு பக்கம், காற்றில்லாமல் தேங்கி நிற்கும் நீர் ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்தால் வரும். அப்போது அரசு 22 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பிறகும் அவ்வப்போது தலைகாட்டியிருக்கிறது, ஆனால் அந்த ஆண்டு அளவுக்கு மேற்பரப்பில் வரவில்லை. பெரும்பாலும் குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும்தான் தொல்லை. செப்டம்பரில் தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும், பொதுவாகத் தெளிவாகவும் இருக்கும். கிளம்பும் வாரத்தில் உள்ளூர்ச் செய்தி ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

மர்மரா ஒரு விசித்திரமான கடல். கருங்கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் போஸ்பரஸ் நீரிணை வழியாக மேலே ஓடி வருகிறது. மத்தியதரைக்கடலின் உப்பு மிகுந்த கனத்த தண்ணீர் அடியில் எதிர்த்திசையில் போகிறது. மேலே குளிப்பவருக்குக் கிடைப்பது லிட்டருக்கு 22 கிராம் அளவில் உப்பு, வங்காள விரிகுடாவில் அது 30ஐத் தாண்டும். வாயில் பட்டால் வித்தியாசம் தெரியும். 1680 வாக்கில் மார்சிலி என்ற இத்தாலியர், வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டிப் போஸ்பரஸில் இறக்கி, ஓர் ஆழத்துக்குக் கீழே கயிறு எதிர்ப்பக்கம் வளைவதைப் பார்த்தார். கடல் அறிவியல் வரலாற்றில் இது பெரிய சோதனை. அங்கிருந்த மீனவர்களுக்கு அது ஏற்கனவே தெரிந்த சங்கதி, வலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தவர்கள் அவர்கள்.

தயிர்சாதம்

அறிவியல் வகுப்பு முடிந்ததா? சாப்பாட்டுக்கு வருகிறேன். உமா அக்கா, பட்டினி கிடக்க மாட்டீர்கள். படகில் சிமித் விற்பார்கள், எள் தூவிய வளைய ரொட்டி. அதில் பாதியைக் கடற்பறவைகளுக்கு வீசுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. தீவில் கோஸ்லெமே கிடைக்கும், மெல்லிசாகத் தேய்த்த மாவில் பாலாடைக்கட்டியோ உருளைக்கிழங்கோ கீரையோ வைத்துக் கல்லில் சுட்டுத் தருவார்கள். மெனெமென் என்றால் தக்காளி, மிளகாய் போட்ட முட்டைப் பொரியல். பருப்பு சூப் எங்கும் உண்டு, ஆனால் சில கடைகளில் எலும்புச் சாற்றில் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கறி இல்லாமல் வேண்டும் என்பதற்கு "எத்சிஸ்" என்று சொல்லுங்கள் என எல்லோரும் சொல்லித் தருவார்கள். நானும் சொன்னேன், கோழி வந்தது. சில கடைக்காரர்கள் கணக்கில் கோழி கறியில் சேராது. "தாவுக்" என்று கோழியையும் தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு: துறைமுக ஓரக் கடைகளில் மீன் எடைக்கு விலை. தட்டு வரும் முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். லிரா விலையை இங்கே எழுதினால் அடுத்த ஆண்டு படிப்பவர் என்னைத் திட்டுவார், அதனால் எழுதவில்லை.

சிவப்புத்துண்டு

புயுக்அடாவை எல்லோரும் சேர்ந்து ஒதுக்குகிறீர்கள். சோவியத்திலிருந்து துரத்தப்பட்ட ட்ராட்ஸ்கி 1929இலிருந்து 1933 வரை இருந்தது அங்கேதான். சுயசரிதையையும் ரஷ்யப் புரட்சி வரலாற்றையும் எழுதியது அங்கே. எழுதாத நேரத்தில் உள்ளூர் கிரேக்க மீனவர் ஒருவரோடு படகில் மீன் பிடிக்கப் போவார். இருந்த வீடு இப்போது இடிந்து கிடக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். நான் மதில் ஓரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தத் தீவுகளே நாடுகடத்தப்பட்டவர்களின் தீவுகள். பைசாந்தியப் பேரரசில் பதவி இழந்தவர்களை இங்கே மடங்களில் தள்ளுவார்கள். மன்சிகர்ட் போரில் தோற்ற பேரரசர் நான்காம் ரோமானோஸின் கண்ணைக் குருடாக்கி 1072இல் கினலி அடாவுக்கு அனுப்பினார்கள், அங்கேயே செத்தார். மனிதரோடு விடவில்லை. 1910இல் இஸ்தான்புல் தெருநாய்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, தண்ணீர் இல்லாத சிவ்ரி அடாவில் இறக்கிவிட்டார்கள். பசியிலும் தாகத்திலும் செத்தன. படகிலிருந்து பார்த்தால் மேற்கே கூம்பாகத் தெரியும் சின்னத் தீவு அது.

பட்ஜெட்_பாண்டி

அக்கா குளிக்கப் போகிறார், நீங்கள் பிணக்கணக்கு சொல்கிறீர்கள்!

போஸ்பரஸ்_பாலா

அவர் சொன்னது எல்லாம் சரிதான் பாண்டி. நாய் சமாச்சாரம் இங்கே இன்னும் ஆறவில்லை. 2024இல் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சட்டம் வந்தபோது எதிர்த்தவர்கள் எல்லாம் 1910ஐத்தான் இழுத்தார்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் "குதிரை வண்டியில் தீவைச் சுற்றுங்கள்" என்று இருக்கும், நம்பாதீர்கள். 2019 கடைசியில் குதிரைகளுக்குக் கிளாண்டர்ஸ் நோய் வந்தது, 2020இல் வண்டியையே தடை செய்துவிட்டார்கள். இப்போது நகரசபையின் மின்வண்டிகள். சொந்தக் கார் தீவில் ஓட முடியாது. நடை, சைக்கிள், மின்வண்டி, அவ்வளவுதான்.

யாழ்_நிலா

பை கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! நானும் தனியாகச் சுற்றுபவள், அதனால் என் வழக்கம் சொல்கிறேன்.

கடவுச்சீட்டு, பெரிய பணம், கூடுதல் வங்கி அட்டை எல்லாம் அறையில் பூட்டிவிட்டு வருவேன். கடவுச்சீட்டின் நகலும் கைபேசியில் படமும் போதும். கடற்கரைக்கு எடுத்துப் போவது: போக்குவரத்து அட்டை, ஒரு நாள் செலவுக்குப் பணம், கைபேசி. இந்த மூன்றையும் போடக் கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை வைத்திருக்கிறேன், தண்ணீருக்குள்ளும் என்னோடுதான் வரும். மீதி எல்லாம் துணியும் செருப்பும், போனால் போகட்டும். திறந்த நீரில் நீந்துபவர்கள் இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு மிதவை இன்னும் நல்லது. உள்ளே பொருள் வைக்கலாம், படகுக்காரர் கண்ணுக்கும் நாம் தெரிவோம்.

துண்டுக்குப் பதில் அந்த ஊர் பெஷ்தமால் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தி, சீக்கிரம் காயும், மடித்தால் கைப்பிடி அளவு. உடை மாற்ற மறைப்புக்கும் ஆகும்.

உடை பற்றி யோசிக்க வேண்டாம். பிகினியும் தலை முதல் கால் வரை மூடும் ஹஷெமாவும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டி-சட்டையோடு இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சென்னை_செந்தில்

தனியாகப் போகும் ஆண்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தக்சிம் பக்கம் மாலையில் ஒருவர் நட்பாகப் பேச்சுக் கொடுத்து, "நானும் வெளியூர், வாருங்கள் ஒரு பியர் குடிப்போம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். உள்ளே போன பிறகு வரும் ரசீதுக்குக் கடன் வாங்க வேண்டிவரும். பெண்களைவிடத் தனியாகத் திரியும் ஆண்களைத்தான் இதில் குறி வைக்கிறார்கள்.

ஊர்சுற்றி_உமா

அனைவருக்கும் நன்றி. கருங்கடலை விட்டுவிட்டேன், உப்புக்காற்று எழுதியதைப் படித்த பிறகு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தீவுதான், புயுக்அடா இல்லை. புர்காஸா ஹெய்பெலியா?

போஸ்பரஸ்_பாலா

புர்காஸ். படகு நெருங்கும்போதே கிரேக்கத் தேவாலயத்தின் பெரிய குவிமாடம் வீடுகளுக்கு மேல் தெரியும். தீவின் மேற்கு ஓரத்தில் கல்பசன்கயா என்ற இடம், அங்கே குளிக்கலாம், துறையிலிருந்து அரை மணி நேர நடை. துருக்கியின் பெரிய சிறுகதைக்காரர் சயித் ஃபாயிக் இருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1954இல் இறந்தார், சொத்தெல்லாம் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கான தாருஷ்ஷஃபகா பள்ளிக்குப் போனது. ரப்பர் செருப்பு மறக்காதீர்கள், கல் வழுக்கும்.

திரும்பும்போது அதே நீண்ட படகில் வர வேண்டாம். போஸ்தன்ஜி துறைக்குப் படகு பிடித்தால் சீக்கிரம் கரை சேரலாம். அங்கிருந்து கடலுக்கடியில் ஓடும் மர்மராய் ரயில் சிர்கெஜிக்கு வந்துவிடும். மாலை ஐந்து, ஆறு மணிக்குத் துறையில் வரிசை நிற்கும், அதற்கு முன்னால் கிளம்புங்கள்.

ஊர்சுற்றி_உமா

போய் வந்தேன். ஊருக்கும் திரும்பிவிட்டேன். கேட்டதற்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் அல்லவா, எழுதுகிறேன்.

கபதாஷில் காலைப் படகு, மேல் தளம், வலது பக்கம். காத்கோயில் ஏறிய கூட்டத்தில் பாதிப் பேர் கையில் மடக்கு நாற்காலியும் தர்பூசணியும். கினலி அடாவில் மரமே இல்லாத மொட்டை மலை, ஆனால் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். புர்காஸில் இறங்கியது கொஞ்சம் பேர்தான். பாலா சொன்ன மாதிரி மீதிக் கப்பல் அப்படியே புயுக்அடாவுக்குப் போனது.

நடை அருமை. ஒரு பக்கம் பைன் காடு, ஒரு பக்கம் கீழே கடல், நடுவில் தார்ச்சாலை, மணி அடித்துக்கொண்டே போகும் சைக்கிள்கள். மலையில் சில இடத்தில் மரங்கள் இளசாக இருந்தன, 2003இல் பெரிய தீ வந்ததாம். கல்பசன்கயாவில் மேலே உணவகம், படி இறங்கினால் குட்டிக் கல்லுக் கரை. மணல் இல்லை. செருப்போடுதான் இறங்கினேன். தண்ணீர் முதலில் சுருக்கென்றது, நாலு வீச்சு போட்ட பிறகு வெளியே வர மனமில்லை. கழுத்தளவில் நின்றாலும் கால் விரல் தெரிந்தது. வாயில் பட்ட தண்ணீர் நம் கடல் மாதிரிக் கரிக்கவில்லை, உப்புக்காற்று சொன்னது உண்மைதான். ஜெல்லிமீன்கள் இருந்தன, கண்ணாடித் தட்டு மாதிரி வெள்ளையாக. பக்கத்தில் ஒரு சிறுவன் கையில் எடுத்தே காட்டினான், கடிக்காத வகை. நான் தொடவில்லை.

பை: நிலாவின் யோசனைப்படி கழுத்துப் பை என்னோடு. மீதியைப் பக்கத்துச் சாய்வுப் படுக்கையில் பேரக் குழந்தைகளோடு இருந்த ஒரு பாட்டியிடம் சைகையில் காட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் என் துண்டை எடுத்து வெயிலில் விரித்துக் காய வைத்திருந்தார், கையில் ஒரு அத்திப்பழத்தையும் திணித்தார். அப்புறம் நான் எப்போது எழுந்தாலும், போ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே கையாட்டினார்.

ஒரே ஒரு கசப்பு. சாய்வுப் படுக்கை வாடகை ஒரு தொகை என்று முதலில் சொன்னவர், கிளம்பும்போது குடைக்குத் தனி, சாப்பாடு எதுவும் வாங்காததால் அதற்கும் ஒரு தொகை என்றார். பாட்டியின் மகன் குறுக்கே வந்து ஏதோ உரத்துப் பேசினார், கடைசியில் குடைக்கு மட்டும் கொடுத்தேன்.

பிறகு ஹெய்பெலிக்கு ஒரு படகு. துறை ஓரமே பழைய கடற்படைப் பள்ளிக் கட்டடம், அதைத் தாண்டி ஒரு தெருவில் டீயும் கோஸ்லெமேயும். மலை மேல் 1971இல் மூடிய கிரேக்க இறையியல் பள்ளியைப் பார்க்க நினைத்தேன், ஏறக் கால் ஒத்துழைக்கவில்லை. நாலரைக்கெல்லாம் போஸ்தன்ஜி படகு. சயித் ஃபாயிக் வீட்டுக்கு நேரமில்லை. குளியலா அருங்காட்சியகமா என்றால் அன்றைக்குக் குளியல்.

சிவப்புத்துண்டு

குடைக் கட்டணத்தை விடுங்கள், கரைக்கே காசு கேட்க முடியாது. துருக்கிய அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு கரைகள் அரசின் பொறுப்பில், பொதுநலனுக்கு முன்னுரிமை என்கிறது. 1990இல் வந்த 3621ஆம் எண் கரைச் சட்டம் இன்னும் தெளிவு: கரை எல்லோருக்கும் சமமாகத் திறந்தது, வேலி, சுவர் போடக் கூடாது. குத்தகை எடுத்தவர் படுக்கைக்கும் குடைக்கும் வாங்கலாம். துண்டை விரித்துக் கல்லில் உட்காருபவரிடம் வாங்க உரிமை இல்லை.

போஸ்பரஸ்_பாலா

சட்டம் அப்படித்தான். நடைமுறையில், உட்காரத் தகுந்த இடமெல்லாம் படுக்கை போட்டு நிரப்பியிருப்பார்கள், மிச்சம் இருப்பது முள்ளும் பாறையும். வேலி போடவில்லை, சரி, ஆனால் எங்கே போய்த் துண்டை விரிப்பது? இங்கே கோடைதோறும் இதே சண்டைதான். காசு கொடுக்காமல் குளிக்க வேண்டும் என்றால் பெயரில் "ஹல்க் பிளாஜி" என்று இருக்கும் பொதுக் கடற்கரையைத் தேடுங்கள். எங்கள் காத்கோய் பக்கமே ஜாத்தெபோஸ்தானில் இருக்கிறது, எதிரே தீவுகள் தெரியும். படகுகூட ஏற வேண்டாம்.

யாழ்_நிலா

உமா, உங்களிடம் வாதாடிய மாதிரி ஆள் என்னிடமும் வாதாடியிருக்கிறார், வேறு ஊரில். இப்போது நான் படுக்கையில் உட்காரும் முன்பே குடை, துண்டு, குறைந்தபட்சச் சாப்பாடு மூன்றையும் கேட்டு, அவரையே கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பாஷை தெரியாது, எண் தெரியும்.

கனடா_கந்தையா

எல்லாம் சரி, ஆனா அயா யோர்கி ஏறாமல் வந்தது எனக்கு மனம் கேக்கேல்லை பிள்ளை. புயுக்அடாவின் உச்சியில் இருக்கிற கிரேக்க மடம். ஏப்ரல் 23ஆம் தேதி ஆயிரமாயிரம் பேர் ஏறுவினம், பெரும்பகுதி முஸ்லிம் சனம். நேர்த்தி வைக்கிற ஆக்கள் அடிவாரத்திலிருந்து நூலை விட்டுக்கொண்டே ஏறுவினம், நூல் அறாமல் மேலே போய்ச் சேர்ந்தால் நினைச்சது நடக்குமாம். நான் போனது சாதாரண நாள், அப்பவும் பாதை ஓரப் புதர் எல்லாம் நிறம் நிறமாய் நூல். ஏற்றம் கடுமை, கல்லுப் பாதை. இந்த வயதில் நானே ஏறினனான்.

உப்புக்காற்று

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே தீவின் இன்னொரு மலையில் 1899இல் ஹோட்டலுக்காகக் கட்டி, சுல்தான் அனுமதி தராததால் கிரேக்க அனாதை இல்லமாக மாறிய மரக் கட்டடமும் இருக்கிறது, ஐரோப்பாவின் மிகப் பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று. 1964இல் மூடினார்கள், இப்போது சரிந்து விழும் நிலை. ஆனால் ஒரே நாளில் குளியலும் வேண்டும், அயா யோர்கியும் வேண்டும் என்றால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும். கூட்டம் பிரச்சினை இல்லை என்பவர் வார நாளில் புயுக்அடா போகட்டும். சனிக்கிழமைக்கு உமா செய்ததுதான் சரி.

புதுமுகம்_2

பழைய இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கு இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஒன்பது மணி நேர இடைவெளி, ஜனவரியில். இந்தியக் கடவுச்சீட்டு. புர்காஸ் போய் வர முடியுமா?

போஸ்பரஸ்_பாலா

முடியாது. முதலில் விசா. வெளியே வர வேண்டும் என்றால் இந்தியர்களுக்கு விசா வேண்டும். இணைய விசா, செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஷெங்கன் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ வைத்திருப்பவர்களுக்குத்தான். மற்றவர்கள் தூதரகம் வழியாக முன்கூட்டியே வாங்க வேண்டும்.

விசா இருந்தாலும் நேரம் இடிக்கும். வெளியே வர ஒரு மணி நேரம், மெட்ரோவில் கய்ரெத்தெபே வந்து மாறி, தக்சிம், கபதாஷ் சேர ஒன்றேகால் மணி நேரம், படகு ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பவும் அதே. விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். தீவில் கால் வைத்ததும் அடுத்த படகைத் தேட வேண்டியதுதான். ஜனவரியில் படகும் குறைவு, தெற்கிலிருந்து லோதோஸ் காற்று வேகமாக அடித்தால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். தீவில் மாட்டிக்கொண்டால் விமானம் போச்சு.

அதற்குப் பதில் எமினோனுவிலிருந்து காத்கோய்க்குப் படகு ஏறுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம், அதே பறவைகள், அதே டீ. இறங்கி மார்க்கெட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பலாம். லோதோஸ் பலமாக அடித்தால் இதுவும் நிற்கும், ஆனால் மர்மராய் ரயில் கடலுக்கடியில் ஓடுகிறது, திரும்ப வழி இருக்கும்.

புதுமுகம்_2

ஷெங்கன் விசா இருக்கிறது. காத்கோய் என்றால் வலது பக்கம் உட்கார வேண்டுமா, இடதா?

போஸ்பரஸ்_பாலா

போகும்போது வலது. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் வெளித்தளத்தில் காற்று காதைப் பிய்க்கும்.